சித்தப்பா எடுக்கும் படத்தை யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செம்மர வழக்கில் உங்கள் சித்தப்பா ஆந்திரச் சிறையில் இரண்டரை வருடம் விசாரணைக் கைதியாக இருந்து, விடுதலையாகி ஊர் திரும்பியிருக்கிறார். அவரும் அவரோடு உள்ளே இருந்த மூன்று பேரும் தாங்கள் பட்டதைத் தாங்களே போனில் படமாக எடுக்க நினைக்கிறார்கள். "சிறைப்பட்டவர்கள் எடுத்த படத்தால் எங்காவது சட்டம் மாறியிருக்கிறதா? இல்லை, நாலு பேர் பார்த்து அழுதுவிட்டுப் போவதோடு சரியா? எடுத்தால் அதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆந்திர எல்லையோரத்து நகரி ஊர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பதினோரு வருடமாகச் சட்ட உதவித் தன்னார்வலராக ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் அலைகிறேன். தெலுங்கு தெரியாத கைதிக்கும் தமிழ் தெரியாத வக்கீலுக்கும் இடையில் நின்று பேசுவதே என் வேலையில் பாதி. அதனால் இது எனக்குத் தூரத்து விஷயம் இல்லை.

படம் தனியாக நின்று ஒரு சட்டத்தை மாற்றி நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவர் காட்டிய ஏதோ ஒன்று, அதில் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர் கண்ணில் பட்டபோதுதான் காரியம் நடந்திருக்கிறது. நம் நாட்டில் அதற்குப் பெரிய சாட்சி ஒரு கடிதம். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் அடித்துச் சித்திரவதை செய்ததை எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுப்பினார். கைதியைப் பார்க்க வரும் உறவினர்களிடம் காசு கறப்பதற்காகத்தான் அந்த அடி. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சிறைக்குள் போனாலும் மனிதனின் உரிமை வாசலில் கழற்றி வைக்கப்படுவதில்லை என்று இன்றைக்கும் நாங்கள் வாதாடுவதற்கு அந்தத் தீர்ப்புதான் அடித்தளம்.

அதை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ண அய்யர். பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், நம்மைப் போல எல்லையோரத் தமிழ் வீட்டுப் பிள்ளை. 1948இல் அவரே ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்திருக்கிறார். பிறகு 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. உள்ளே இருந்து வந்த கடிதத்தை அவர் படித்த விதத்துக்கும் அந்த ஒரு மாதத்துக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

உங்கள் சித்தப்பாவின் படத்தை அப்படி ஒரு கடிதமாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்கு முகவரி வேண்டும் இல்லையா?

வெளிநாட்டு அனுபவங்களைக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் வில்பர்ட் ரிடோ என்ற கைதி உள்ளிருந்தபடியே ஓர் ஆவணப்படத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். 1998இல் வந்த அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அவரோ 2005 வரை, மொத்தம் 44 வருடம், சிறையில்தான் இருந்தார். அவருடைய பழைய தண்டனை ரத்தானது நீதிமன்றத்தில். அவர் மீது குற்றம் சாட்டிய ஜூரிகளைத் தேர்ந்தெடுத்ததில் இனப்பாகுபாடு இருந்ததுதான் காரணம். விருதுக் கணக்கையும் விடுதலைக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டாம் என்பதற்காக இதை முதலில் சொன்னேன்.

பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரத்துக் கரண்டிரு சிறையில் 1992 அக்டோபரில் போலீஸ் உள்ளே நுழைந்து 111 கைதிகளைக் கொன்றது. ஏறத்தாழப் பத்து வருடம் கழித்து அந்தச் சிறையை இடிக்கப் போகிற நேரத்தில் பாவ்லோ சாக்ரமென்டோ என்ற இயக்குநர் உள்ளே போய், கைதிகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கேமராவையே அவர்கள் கையில் கொடுத்தார். 2003இல் வெளிவந்த அந்தப் படத்தில் இரவில் பூட்டிய அறைக்குள் அவர்களே எடுத்த பகுதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து போகிற எந்த ஒளிப்பதிவாளருக்கும் அந்த இரவு கிடைக்காது. சாயங்காலம் ஆனதும் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

2024 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளேயே திரைப்பட விழா நடந்தது. கைதிகளும் விடுதலையானவர்களும் எடுத்த படங்கள் அங்கே போட்டியில் இருந்தன. 2025இல் வந்த 'தி அலபாமா சொல்யூஷன்' இன்னும் கடுமையானது. அலபாமா மாநிலச் சிறைகளில் கைதிகள் கள்ளத்தனமாக வைத்திருந்த போனில் எடுத்த காட்சிகள்தான் அதன் உயிர். ஆனால் அலபாமாவின் கதையில் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அங்கே சிறைகளில் கூட்டம், வன்முறை, சாவு எல்லாம் வெளியே வந்த பிறகு மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? 2021இல், கொரோனா நிவாரணமாக வந்த மத்திய அரசுப் பணத்திலிருந்து 40 கோடி டாலரை எடுத்துப் புதிய சிறை கட்ட ஒதுக்கியது. "உள்ளே இடமில்லை" என்று மட்டும் காட்டினால், "சரி, பெரிதாகக் கட்டுகிறோம்" என்று அரசு சொல்லிவிடும். இடமில்லாமல் போனது ஏன் என்பதைக் காட்டினால்தான் கேள்வி திரும்பும்.

நம் கணக்கைப் பாருங்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறைகளின் மொத்தக் கொள்ளளவே 4,36,266தான். வழக்கு முடியாதவர்களை மட்டும் வைத்தாலே சிறை கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. உங்கள் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர்.

தமிழில் இதற்கு முன்னோடி நம் ஆந்திரக் கதையே. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், இளவயதில் குண்டூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் போலீஸ் பிடித்து அடித்து, செய்யாத குற்றத்துக்குச் சிறையில் போட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது, அடுத்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நான் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் தூங்கவில்லை. ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. தந்தையும் மகனும் செத்துப்போனார்கள். படம் போதவில்லை என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. கோடிப் பேர் மனசைக் கலக்கிய படத்துக்கும் ஒரு ஸ்டேஷனின் இரவு நடைமுறைக்கும் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. உங்கள் சின்னப் படம் அந்தக் கண்ணியைப் பிடிக்க முடியும்.

எப்படி என்று சொல்கிறேன். சட்டம் எழுத்தில் இன்று ஓரளவு உங்கள் சித்தப்பா பக்கம்தான் இருக்கிறது. எழுதியபடி அது நடப்பதில்லை. நடக்கவில்லை என்பதை வக்கீலோ நானோ சொன்னால் அது புகார். உள்ளே இருந்தவர் காட்டினால் அதை யாரும் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

ஜாமீனையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்குக் கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடும், ஆனால் உள்ளூர் ஆள் இருவர் சூரிட்டி, அதாவது ஜாமீன்தாரராக, நிற்க வேண்டும் என்று சொல்லிவிடும். ஜவ்வாது மலைக்காரருக்குத் திருப்பதியில் யார் சூரிட்டி நிற்பார்? 1978இலேயே மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில் கிருஷ்ண அய்யர் இதைத் தீர்த்து வைத்தார். தமிழரோ மலையாளியோ தெலுங்கரோ தொலைதூர ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது: ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் விஷயத்தில் உள்ளூர் சூரிட்டி நிபந்தனையைக் கீழ் நீதிமன்றங்கள் தவிர்க்கலாம், ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்ட உதவி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரை அரசே கட்டும் திட்டமும் அதே 2023இல் வந்தது. உங்கள் சித்தப்பாவுக்கு இதில் எது நடந்தது? ஜாமீன் உத்தரவு என்றைக்கு வந்தது, அவர் என்றைக்கு வெளியே வந்தார் என்று இரண்டு தேதியைக் காட்டினாலே போதும்.

அடுத்தது மொழி. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் அதை அவருக்குத் திறந்த நீதிமன்றத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெலுங்கில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்த அனுபவம் உங்கள் சித்தப்பாவுக்கு இல்லாமல் இருக்காது.

மூன்றாவதுதான் எனக்கு ஆறாத விஷயம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அதே சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. செம்மர வழக்கில் நம் ஆட்கள் மீது என்ன நடக்கும்? ஒரு வழக்கில் ஜாமீன் கிடைக்கும் நேரம் பார்த்து இன்னொரு ஸ்டேஷன் வழக்கில் பி.டி. வாரண்ட் வரும், அதாவது ஏற்கெனவே சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்கும் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு. அடுத்து இன்னொன்று. மலைக்கு ஒரே ஒரு தடவை போனவர் மேல் அவர் பார்த்தே இராத ஊர்களின் வழக்குகள் ஏறும். குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லாமலே அந்த மனிதர் 479க்கு வெளியே தள்ளப்படுகிறார். சீர்திருத்தம் என்று நீங்கள் கேட்பதானால் இந்த இடத்தில் கேளுங்கள். இந்த உட்பிரிவு உள்ளே என்ன செய்கிறது என்பதை வாரண்ட் மேல் வாரண்டாக வாங்கியவரைத் தவிர வேறு யார் காட்ட முடியும்?

இப்போது ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மலையோரத்து ஊர் ஒன்றில் விடுதலையாகி வந்த ஒரு பெரியவரை நாங்கள் பேட்டி எடுத்தோம். நாற்காலி போட்டு, வெளிச்சம் பார்த்து, கேள்வி கேட்டோம். "ரொம்பக் கஷ்டம்ங்க. சோறு சரியில்ல. அவ்வளவுதான்" என்றார். அரை மணி நேரம் இதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். எங்களுக்கே அலுத்துவிட்டது. கிளம்பும்போது என் போனை அவர் கையில் கொடுத்து, "இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு என்ன தோணுதோ அதை எடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் ஏழு நிமிஷ வீடியோ இருந்தது. அரிசி மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார். வீட்டுத் தரையில் தன் தோள் துண்டை விரித்து, குறுக்குவாட்டில் சாண் போட்டு அளக்கிறார். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் கூட. அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு கிழிக்கிறார். "இது நான். இந்தாண்ட ஒருத்தன், அந்தாண்ட ஒருத்தன்." பிறகு அந்தக் கோட்டுக்குள் ஒருக்களித்துப் படுக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "திரும்பிப் படுக்கணும்னா பக்கத்து ஆளுகிட்டச் சொல்லிட்டுத்தான் திரும்பணும்" என்கிறார். எழுந்து உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கிறார். வாய்தாத் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்குகிறார், தேதி வரிசைப்படி. "தேதி மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியும். மீதி எழுத்தெல்லாம் எனக்குக் கோலம்" என்று சொல்லி, ஒரு சீட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறார். 38 சீட்டு. அதில் பாதிக்கு மேல் எஸ்கார்ட் (கூட வரும் போலீஸ் காவல்) இல்லை என்று அவரைக் கோர்ட்டுக்கே கூட்டிப்போகவில்லை.

அந்த ஏழு நிமிஷத்தை வெட்டாமல், கீழே தெலுங்கு எழுத்து மட்டும் போட்டு, ஒரு நீதித்துறை அதிகாரியிடம் காட்டினோம். முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இப்போது உள்ளே இருப்பவர்களில் தெலுங்கு தெரியாதவர்கள் எத்தனை பேர்?" யாரிடமும் பதில் இல்லை. பட்டியல் எடுக்கச் சொன்னார், எடுத்தோம். பட்டியலில் இருந்தவர்களில் சிலருக்கு வக்கீல் இருக்கிறார் என்பதே தெரியாமல் இருந்தது. இது சட்டத் திருத்தம் இல்லைதான். ஆனாலும் அந்தப் பட்டியலால் வெளியே வந்தவர்கள் உண்டு, அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: முதலில் பேட்டி எடுக்காதீர்கள். போனை நால்வரிடமும் கொடுங்கள். உள்ளே அவர்கள் கையால் செய்ததைக் கையாலேயே செய்து காட்டட்டும். தமிழ்நாட்டுச் சிறையில் மனு போட்டுப் பார்ப்பது என்பதை இங்கே முலாக்கத் என்கிறார்கள். உங்கள் சித்தி முலாக்கத்துக்கு வர எத்தனை பஸ் மாறினார், பேச எத்தனை நிமிஷம் கிடைத்தது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள் என்பதை அவரும் சொல்லட்டும். சோக இசை வேண்டாம். அழுகிற முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம்.

படத்தை யாருக்குக் காட்டுவது? மாவட்டம்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர், கலெக்டர், எஸ்.பி., சட்ட உதவி ஆணையச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். அந்த ஐந்து பேர் பார்ப்பது ஐந்து லட்சம் பேர் பார்ப்பதைவிட உங்கள் காரியத்துக்கு உதவும். பிறகு மாவட்ட வக்கீல் சங்கம், சட்டக் கல்லூரிகள், இரண்டு மாநில எம்.எல்.ஏ.க்கள். ஒவ்வொரு திரையிடலுக்கும் ஒரே ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதிக் கையில் கொடுங்கள், தெலுங்கில். 479இன் இரண்டாம் உட்பிரிவைத் திருத்துவது நாடாளுமன்ற வேலை, அதற்கு எம்.பி.யிடம் தனிக் கோரிக்கை. யூடியூபில் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

தெலுங்குக்காரர்களுக்கும் காட்டுங்கள். எஸ்கார்ட் இல்லாமல் வாய்தா தள்ளிப்போவதும் சூரிட்டி கிடைக்காமல் கிடப்பதும் அவர்களுக்கும்தான். தமிழன்–தெலுங்கன் சண்டையாகப் படம் மாறினால் அதில் லாபம் அடைகிறவர்கள் மரம் கடத்தும் முதலாளிகள் மட்டுமே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் நம் பக்கத்து 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் எனக்கும் ஆறவில்லை. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டதையும் நான் மறக்கவில்லை. அந்த வழக்கில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் 2016இல்தான் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அவர்கள் இழந்த வருடங்கள் ஒரு பக்கம் இருக்க, இறந்துபோன அந்த இருவர் வீட்டுக்கும் நீதி கிடைக்காமல் போனது. உங்கள் படத்தில் அவர்களைப் பற்றி ஒரு மரியாதையான வார்த்தையாவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்திருக்கிறதா, வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று நால்வருக்கும் வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். இருந்தால் அவர் முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும். காட்டில் என்ன நடந்தது, எந்த மேஸ்திரி கூட்டிப்போனார் என்பதை யாருமே பேச வேண்டாம். கேமரா முன் சொன்னது நாளைக்கு ஒப்புதல் வாக்குமூலமாகக் கோர்ட்டுக்கு வரலாம், மேஸ்திரியின் ஆட்கள் வீட்டுக்கும் வரலாம். ஜெயிலுக்குள்ளே இப்போது இருக்கிற யாரிடமும் போனில் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அலபாமாவில் எடுத்தவர்களில் சிலர் தனிமைச் சிறை வரை அனுபவித்தார்கள். இங்கேயும் அது புது வழக்காகத்தான் முடியும். உள்ளே முறைப்படி படமெடுக்க, 2015இல் மத்திய உள்துறை அனுப்பிய வழிகாட்டுதலின்படி ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்டி, எடுத்த காட்சியைக் கண்காணிப்பாளரிடம் பார்க்கக் கொடுக்க வேண்டும். நீங்கள் வெளியில் எடுக்கிறீர்கள், அந்தத் தொல்லை இல்லை.

யாராவது "இதை எடுக்கவே கூடாது" என்று மிரட்டினால் 1994இன் ராஜகோபால் வழக்கைச் சொல்லுங்கள். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் போனபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. அதிகாரிகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்பதற்காக முன்கூட்டியே தடைபோட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆள் செய்த கொலைகளை யாரும் நியாயப்படுத்த முடியாது. அப்பேர்ப்பட்டவருடைய எழுத்துக்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது என்றால், நிரபராதி என்று தீர்ப்பு வாங்கிய உங்கள் சித்தப்பாவுக்கு இல்லாமல் போகுமா? வெளியான பிறகு பொய் சொன்னதாக அவதூறு வழக்குப் போடலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதனால் காகிதம் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. படத்தின் உரிமை நால்வர் பேரிலும் இருக்கட்டும். தமிழில் ஒரு ஒப்புதல் தாள் எழுதி, வாசித்துக் காட்டி, பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒருமுறை புரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது, சித்தப்பாவின் காகிதக் கட்டை அவரிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது: ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் உத்தரவு, பி.டி. வாரண்ட் நகல், வாய்தாச் சீட்டுகள், தீர்ப்பு. தெலுங்கு படிக்க ஆள் இல்லையென்றால் நகரிக்கு எடுத்து வாருங்கள். சனி, ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன். சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள், வருவதற்கு அவருக்கு மனம் இருந்தால் மட்டும்.